ஓடை மீனும் கண்ணாடித் தொட்டியும்



களனி ஆற்றுப் படுகை முதல் நில்வளா ஆற்றுப் படுகை வரையுள்ள நிழலடர்ந்த ஓடைகளிலே, உடலெங்கும் செம்மை படர்ந்த ஒரு சிறு மீன் வாழ்கின்றது. செரி பார்ப் என்பது வணிகத்தில் அதன் பெயர். பி. ஈ. பி. தெரணியகல அவர்கள் 1929ஆம் ஆண்டில் அதனை விஞ்ஞான உலகிற்கு அறிமுகஞ் செய்தார். இத்தகைய அழகிய மீனைக் கண்டவர்க்கு அதனை வலையிட்டுப் பிடித்து வீட்டுத் தொட்டியில் விடும் ஆசை எழுதல் இயல்பே. விற்போரும், “இது ஓடையிற் பிடித்தது, திடமானது” என்று புகழ்வதுண்டு. அத்திடம் மீனின் உடலில் மாத்திரம் இருப்பதன்று; பாதி ஓடும் நீரில் இருக்கின்றது. இதனை அறியாமையே இழப்புகள் பலவற்றுக்குக் காரணமாகின்றது.

வெண்புள்ளி நோயை எடுத்துக்கொள்வோம். மீனின் தோலிலும் செவுளிலும் உப்புத் தூவியது போன்ற புள்ளிகள் தோன்றுவதால் இப்பெயர் வந்தது. அதனை உண்டாக்குவது கண்ணுக்குப் புலப்படாத ஓர் ஒட்டுண்ணி. தோலின் கீழ் வளர்ந்து முற்றியதும் அது மீனை விட்டு நீங்கி, நீரின் அடியிலே ஓர் உறையினுட் கிடந்து, பல நூறாகப் பிளவுறும். அவ்வாறு வெளிப்படும் நுண்ணுயிர்கள் இரண்டொரு நாளில் வேறொரு மீனைப் பற்றாவிடின் மடிந்துபோகும். ஓடையிலே அவற்றைப் பெருக்கு அடித்துச் சென்றுவிடும். அகன்ற நீரில் மீனைக் கண்டடைதலும் அரிது. ஆகவே காட்டு மீனின் உடலில் ஒன்றிரண்டு ஒட்டுண்ணிகள் இருந்தாலும் அது துள்ளித் திரிகின்றது. இரண்டடி நீளத் தொட்டியிலோ அவை தப்பிப்போக இடமில்லை. மீனும் ஒளிய வழியில்லை. நம் நாட்டு வெப்பத்திலே இச்சுழற்சி ஒரு வாரத்துக்குள் முடிந்து, மீண்டுந் தொடங்கும். புதுமீன் ஒன்றை விட்டவர், பல மாதம் பேணிய பழைய மீன்கள் யாவும் மடியக் காண்பது இதனாலேயே. தோலினுள் இருக்கும் ஒட்டுண்ணியை நீரிற் கலந்த மருந்து தீண்டாது. நீந்தித் திரியும் பருவத்திலேயே கொல்லும். புள்ளி மறைந்ததும் மருந்தை நிறுத்துவோர் ஏமாறுவதற்கு அதுவே காரணம்.

அடுத்தது நீர். ஈரவலயத்துக் காட்டோடைகளின் நீர் மென்மையானது. சற்றே அமிலத் தன்மையும் உடையது. யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரோ சுண்ணாம்புப் பாறையில் ஊறிய வன்னீர். தெற்கிலே பிடித்த மீனைப் பையிலிட்டு வடக்கே கொண்டுவந்து திடீரெனக் கிணற்று நீரில் விட்டால், அதன் உடலில் உப்புஞ் சமநிலையும் குலையும். பயணத்தின்போது பையில் தேங்கும் அமோனியாவும் செவுளைப் புண்படுத்தியிருக்கும். தளர்ந்த உடலிலே ஒட்டுண்ணி எளிதிற் பெருகும்.

உணவும் ஒரு சிக்கலே. பாசியையும் சிறு பூச்சிகளையும் மேய்ந்த மீன், பொட்டலத் தூளை உணவென்று அறிவதில்லை.

மனிதர்க்கும் இதிலே தீங்குண்டு. சுங்கான் எனப்படும் மீனின் பக்கச் செட்டை முள் கையிற் குத்தினால் தாங்கொணா வலி உண்டாகும். மேலும், மீன் தொட்டி நீரில் வாழும் ஒருவகைப் பற்றீரியா, கையிலுள்ள காயத்தின் வழியே புகுந்து, எளிதில் ஆறாத கட்டிகளை உண்டாக்கும். கையிற் புண்ணுள்ளவர் தொட்டியினுட் கை வைத்தலாகாது. அத்தகைய கட்டி தோன்றின், மீன் வளர்ப்பதை வைத்தியரிடம் மறவாது கூறல் வேண்டும்.

ஓடைக்கு நேரும் இழப்பு யாவற்றிலும் பெரிது. கேகாலை மாவட்டத்துக் கலப்பிட்டமடைப் பகுதியிலே ஒரு சிற்றோடையில் மாத்திரம் வாழ்வதாக அறியப்பட்ட பந்துல பார்ப் என்னும் மீன், 1991ஆம் ஆண்டிலேயே விஞ்ஞான நூல்களிற் புகுந்தது. அது இன்று அழிவின் விளிம்பிலுள்ள இனம். அத்தகைய ஓரோடையில் சில கை வலைகளே கேடு விளைக்கப் போதுமானவை. வளர்த்துச் சலித்த மீனைத் திரும்ப ஆற்றில் விடுதலும் நன்றன்று. தொட்டியிற் பெற்ற நோயையும் அது உடன்கொண்டு செல்லும்.

செரி பார்ப் மீன் பல காலமாகத் தொட்டிகளிலே இனம்பெருக்கப்பட்டு வருகின்றது. பண்ணையிற் பிறந்ததைக் கேட்டு வாங்கலாம். எவ்வகை மீனாயினும், முதலில் நான்கு வாரமேனும் தனித்தொட்டியில் வைத்துப் பார்த்தல் வேண்டும். அத்தொட்டிக்குரிய வலையையும் குழாயையும் மற்றத் தொட்டியில் நனைத்தலாகாது. ஈரமான வலை ஒன்றே நோயைக் கடத்தப் போதும்.