விசுவாசமும் வீட்டு வேலையும்



வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்பது நம் முன்னோர் வாக்கு. பழைய வீட்டைப் புதுப்பித்துப் பார் என்பதையும் அதனோடு சேர்த்துக்கொள்ளலாம். புதிய மனையில் என்ன வைக்கிறோம் என்பது நமக்குத் தெரியும். பழைய வீட்டிலோ, சுவருக்குள் என்ன இருக்கிறது என்பது இடித்துப் பார்க்கும் வரையில் தெரியாது.

நான் வாழும் ஊர் பழையசீவரம். பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்றும் கூடுமிடத்தில், குன்றின் அடியில் அமைந்த சிற்றூர் அது. என் தந்தையார் கட்டிய மெத்தை வீட்டின் விட்டங்களைக் கரையான் அரித்துவிட்டது. வடகிழக்குப் பருவமழைக்கு முன் அதனைச் செப்பனிட்டாக வேண்டும். விட்டம் தாங்காமற் போனால் கீழே உறங்குவோர் உயிருக்கே தீங்கு. கைச் சேமிப்பு முழுவதையும் செலவிட்டால் முதுமைக்கு ஆதரவில்லை. கடன் பட்டாலோ அச்சுமை பிள்ளைகள் தலையில் விழும். நான் கிறிஸ்தவன். இத்தகைய நேரத்தில் விசுவாசம் ஒருவனுக்கு எவ்வாறு துணை செய்கிறது என்று ஆராய்ந்து பார்த்தேன். அதையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

வீடு கட்டிய இருவரைப் பற்றி இயேசுநாதர் கூறிய உவமையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். ஒருவன் கற்பாறையின்மேல் கட்டினான். மற்றவன் மணலின்மேல் கட்டினான். வெள்ளம் வந்தபோது மணல்மேல் நின்ற வீடு விழுந்தது. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்த உவமையை விளக்கவே வேண்டுவதில்லை. நிமிர்ந்தால் குன்று, குனிந்தால் ஆற்று மணல். கோடையில் அந்த மணல் தரையைப் போலவே உறுதியாகத் தோன்றும். 2021 நவம்பரில் பாலாறு பெருகிய போதோ, மணலுக்கும் பாறைக்கும் உள்ள வேற்றுமையைக் கரையோர மக்கள் அனைவரும் கண்டனர். இதே உவமையை எழுதும் லூக்கா ஒரு செய்தியை மிகுதியாகச் சேர்க்கிறார். அறிவுள்ள மனிதன் ஆழத் தோண்டினான் என்கிறார். பாறை கடவுள் தந்தது. தோண்டும் உழைப்போ மனிதனுடையது. விசுவாசம் மண்வெட்டிக்கு ஓய்வு தருவதன்று.

கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டாவா என்று வினவும் பகுதியும் அதே லூக்காவின் நூலில் உண்டு. கணக்குப் பார்ப்பது நம்பிக்கைக் குறைவு என்று சிலர் எண்ணுகின்றனர். அஃது உண்மையன்று. எங்கள் வட்டாரத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்தில் 919, 921 ஆம் ஆண்டுகளில் பொறித்த கல்வெட்டுகள் உள்ளன. ஊர் வாரியத்தில் அமர விரும்புவோன் தன் சொந்த மனையில் வீடு கட்டிக்கொண்டு வாழ்பவனாக இருத்தல் வேண்டும் என்பது அவற்றிற் கண்ட விதிகளுள் ஒன்று. முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் தகுதியற்றவன் என்பது மற்றொன்று. வீட்டையும் கணக்கையும் ஒழுங்காக வைத்திருப்பவனிடமே ஊரை ஒப்புவிக்கலாம் என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம்மவர் கண்டிருந்தனர்.

புதுப்பிக்கும் வேலைக்கு விவிலியத்தில் ஒரு சிறந்த முன்மாதிரி நெகேமியா. பாரசீக மன்னனுக்குப் பானம் கொடுக்கும் பணியில் இருந்த அவர், எருசலேமின் மதில் இடிந்து கிடக்கிறதெனக் கேட்டு, உபவாசமிருந்து ஜெபித்தார். பின்னர் என் செய்தார்? மன்னனிடம் விடுப்புக் கேட்டார்; திரும்பி வரும் காலத்தைக் குறித்துக் கொடுத்தார்; மரம் பெறுவதற்கு வனத்தின் காவலனுக்குக் கடிதம் வாங்கினார். ஊர் சேர்ந்த பிறகும் உடனே வேலையைத் தொடங்கவில்லை. இரவில் சிலரோடு சென்று மதிலைச் சுற்றிப் பார்வையிட்டார். அதன்பின்னரே மக்களை அழைத்தார். பலர் தத்தம் வீட்டிற்கு எதிரே இருந்த பகுதியைப் பழுது பார்த்தனர். பகைவர் அச்சுறுத்தியபோது ஜெபமும் செய்தனர், காவலும் வைத்தனர். 52 நாட்களில் மதில் முடிந்தது.

அவ்வாறாயின், ஜெபித்துத் திட்டமிட்டவனுக்கு இடையூறே வராதோ? நம் தமிழ்நாட்டு வரலாறே இதற்கு விடை தருகிறது. அயர்லாந்தில் 1867இல் பிறந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார், திருநெல்வேலிச் சீமையில் டோனாவூரில் ஆதரவற்ற குழந்தைகளுக்கு இல்லம் அமைத்தவர். பணத்திற்காக எவரிடமும் கையேந்துவதில்லை, கடன் படுவதில்லை, கடவுளிடம் மட்டுமே கேட்பது என்பது அவருடைய உறுதி. அந்த உறுதியோடே பல கட்டடங்களை எழுப்பினார். 1931இல், களக்காட்டில் பணிக்கென ஒரு வீட்டைச் செம்மை செய்துகொண்டிருந்தபோது, மாலை மங்கலில் அங்கே தோண்டியிருந்த குழியில் விழுந்து கால் முறிந்தார். 1951 ஜனவரியில் மறையும் வரையில், ஏறத்தாழ இருபது ஆண்டுகள், பெரும்பாலும் தம் அறையிலேயே கிடந்தார். ஆனால் அவருடைய பணி ஓயவில்லை; அந்த அறையிலிருந்தே பல நூல்களை எழுதினார். விசுவாசம் அவரைக் குழியில் விழாமற் காக்கவில்லை. விழுந்த பின்னும் மனம் முறியாமற் காத்தது.

இவற்றை எண்ணிய பின் என் வீட்டு வேலைக்கு வழி தெளிவாயிற்று. கொத்தனாரையும் தச்சரையும் அழைத்து ஒவ்வொரு விட்டத்தையும் தட்டிப் பார்க்கச் செய்தோம். வெற்றொலி எழுந்தவற்றை முதலில் மாற்றுவது. கூரை ஒழுக்கை மழைக்கு முன் அடைப்பது. தரையும் வண்ணமும் கையில் பணம் சேரும்போது பார்த்துக்கொள்வது என்று முடிவு செய்தோம். கடன் வேண்டாம் என்றாள் என் மனைவி. அதுவே என் கருத்தும். நாள்தோறும் வேலை தொடங்குமுன் குடும்பமாக ஜெபிக்கிறோம். உயரத்தில் ஏறி நிற்கும் கூலியாட்களின் பாதுகாப்பே அந்த ஜெபத்தில் முதல் விண்ணப்பம். ஜெபம் முடிந்ததும் சாரம் உறுதியாகக் கட்டியிருக்கிறதா என்று நானே சென்று பார்க்கிறேன். இரண்டும் ஒரே கடமையின் இரு பகுதிகள்.

மாணவர்களே! நீங்கள் இன்று வீடு கட்டவில்லை, கல்வி கற்கிறீர்கள். தேர்வுக்கு முன் கடவுளை வணங்குவது நன்று. எனினும் எந்தப் பாடத்தில் வெற்றொலி கேட்கிறது என்று தட்டிப் பார்ப்பது உங்கள் பொறுப்பு. எம்மதத்தைச் சார்ந்தவராயினும், உங்கள் நம்பிக்கை உங்களை உழைப்பிலிருந்து விலக்குமாயின் அஃது ஆற்று மணல். உழைக்கும் துணிவையும், தவறிவிழுந்தால் எழும் துணிவையும் தருமாயின், அதுவே பாறை.