தழும்புக்கு வயதெல்லை உண்டா?



2009இல் முள்ளிவாய்க்காலில் ஷெல் காயம்பட்ட சிறுமிகள் இன்று தாய்மார். கழுத்துத் தழும்பைச் சேலைத் தலைப்பால் மூடியபடி, "இனி இந்த வயதில் ஏன் டொக்டர்?" என்கிறார்கள் எங்களிடம்.

சத்திரசிகிச்சைக்கு வயது மட்டும் தடையில்லை. நீரிழிவும் குருதி அமுக்கமும் கட்டுப்பாட்டில் இருக்கின்றனவா, புகைத்தல் உண்டா என்றே நாங்கள் முதலில் பார்க்கிறோம். அம்மம்மாவின் அறுந்த காதுச்சோணையையும் விறைப்பு ஊசி போட்டுத் தைக்கலாம். தழும்பு முற்றாக அழியாது, இளகும், மங்கும்.

எரிகாயத்தால் விரல் மடங்கிய பிள்ளையை "வளரட்டும்" என்று வைத்திருக்காதீர்கள். பிள்ளையோடு தழும்பு வளராது. ஆனால் கல்யாணப் பேச்சுக்காக மகளின் மூக்கைத் திருத்தக் கேட்டால், முகம் வளர்ந்து முடியட்டும், அவளே கேட்கட்டும் என்போம்.

மறைத்த தழும்போடு நம்முள்ளும் சிலர் இருக்கிறோம். கேட்க வெட்கம் வேண்டாம், தோழியரே.