உரோமாபுரியில் அயலார் வழக்கு

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பண்டை உரோமர்களின் சட்டமும் நீதியும் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் என்னைப் பணித்தார்கள். ஆயிரம் ஆண்டுப் பரப்புள்ள பொருள் அது. எனக்கு அளித்திருப்பதோ அரை மணி நேரம். அதற்குப் பின் இசை நிகழ்ச்சி காத்திருக்கிறது. ஆதலின் அப்பெருங்கடல் முழுவதிலும் நீந்த முற்படாமல், ஒரு துறையில் மட்டும் இறங்கலாம் என்று எண்ணுகிறேன். அயலார் வழக்கைத் தீர்ப்பதற்கென்றே உரோமர் ஏற்படுத்திய ஒரு பதவியைப் பற்றியது என் பேச்சு.

பிறந்த ஊரை விட்டு வந்து, பிற மொழி வழங்கும் நகரில் வாழ்கின்றவர்கள் நாம். நாளை நமக்கொரு வழக்கு நேர்ந்து நீதிமன்றத்தின் படி ஏறினால், என்ன தீங்கு நேர்ந்தது என்று கேட்பார்களேயன்றி, எங்கள் சட்டத்தில் உமக்கு இடமுண்டா என்று எவரும் கேட்பதில்லை. 1950 ஜனவரி 26-ல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பின் 14-ஆம் பிரிவு, சட்டத்தின்முன் சமத்துவம் என்பதைக் குடிமக்களுக்கு மட்டும் என்று வரையறுக்கவில்லை. இந்நாட்டின் எல்லைக்குள் இருக்கும் எவருக்கும் அதை அளிக்கிறது. நாம் மூச்சு விடுவதுபோல எண்ணாமலே நுகரும் இவ்வுரிமை பழைய உரோமாபுரியில் இல்லை. அங்கே முதல் வினா, ‘நீ யார்?’ என்பதுதான்.

கி.மு. 451, 450 ஆகிய ஆண்டுகளில் பதின்மர் குழுவொன்று பன்னிரண்டு பலகைகளில் உரோமர் சட்டத்தை எழுதி வைத்தது என்பது மரபு. அதற்கு முன்பு சட்டம் உயர்குடிப் புரோகிதர்களின் நெஞ்சுக்குள் இருந்தது. எப்போது வழக்குத் தொடரலாம், எச்சொல்லால் தொடரலாம் என்பதெல்லாம் அவர்கள் சொன்னால் உண்டு, சொல்லாவிட்டால் இல்லை. எழுதியதை மன்றத்தில் நிறுத்திய பின், ஏழையும் அதைக் காட்டிப் பேச முடிந்தது. இது சிறு வெற்றியன்று. ஆயினும் அச்சட்டம் கடுமையானது. கடனைத் தீர்க்க இயலாதவனைக் கடன் கொடுத்தவன் அறுபது நாள் கட்டி வைத்திருக்கலாம். மூன்று சந்தை நாட்களில் பலர் அறியக் கொண்டுவந்து நிறுத்தலாம். அப்போதும் மீட்பார் இல்லையெனில், டைபர் ஆற்றுக்கு அப்பால் கொண்டுபோய் விற்றுவிடலாம். ஏன் ஆற்றுக்கு அப்பால்? உரோமனாய்ப் பிறந்தவன் தன் ஊரிலேயே அடிமையாய் இருத்தல் தகாது. ஆறு தாண்டிவிட்டால் அவன் அயலான். அயலானுக்கு எதுவும் நேரலாம்!

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பன்னிரு பலகைச் சட்டத்தில் அயல் நாட்டானைக் குறிக்க ‘ஹோஸ்டிஸ்’ என்னும் இலத்தீன் சொல் வருகிறது. பிற்காலத்தில் அதே சொல்லுக்குப் பகைவன் என்பது பொருளாயிற்று. இம்மாற்றத்தைச் சிசரோவே எடுத்துக் காட்டியிருக்கிறார். அயலான் பகைவனாக எத்தனை காலம் பிடிக்கும் என்பதை அகராதியே சொல்லிவிடுகிறது.

சொல்லைப் பற்றிய கண்டிப்பு வழக்கு முறையிலும் இருந்தது. ஒருவனுடைய திராட்சைக் கொடிகளை மற்றொருவன் வெட்டிவிட்டான். உடையவன் நீதிபதிமுன் நின்று, ‘என் கொடிகளை வெட்டினான்’ என்று முறையிட்டான். வழக்குத் தோற்றது! பலகையில் எழுதியிருந்தது ‘மரம்’ என்ற சொல். அவன் மரம் என்று சொல்லியிருக்க வேண்டுமாம். இதைக் கூறுபவர் கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த காயஸ் என்னும் சட்ட ஆசிரியர். உரோமனுக்கே இந்த நிலையெனில், அந்த மொழியும் சடங்கும் அறியாத வெளியூரான் என்ன செய்வான்? அறிந்திருந்தாலும் பயனில்லை. அச்சடங்குச் சொற்களைச் சொல்லும் உரிமையே குடிமகனுக்கு மட்டும் உரியது.

ஆனால் சரக்கு ஏற்றிய கப்பல்கள் குடியுரிமை பார்த்துக் கரை சேர்வதில்லை. தென் இத்தாலியிலிருந்தும் சிசிலியிலிருந்தும் கிரேக்கரும் பிறரும் வணிகத்தின் பொருட்டு உரோமாபுரிக்கு வந்து குவிந்தார்கள். விற்றார்கள், வாங்கினார்கள், ஏமாற்றினார்கள், ஏமாந்தார்கள். இவர்களுக்கு நீதி கிடையாது என்றால் நாளை தானியம் வராது. கார்த்தேஜ் நகரத்தாருடன் நடந்த முதற் பெரும் போர் முடியும் தறுவாயில், ஏறத்தாழ கி.மு. 242-ல், இரண்டாவதாக ஒரு நீதித் தலைவர் ஏற்பட்டார். ‘பிரேட்டர்’ என்பது அவர் பதவியின் பெயர். முன்பிருந்த பிரேட்டர் நகர மக்களிடையே எழும் வழக்குகளைப் பார்ப்பார். புதியவர், அயலார் தொடர்புடைய வழக்குகளைப் பார்ப்பார். அருள் உள்ளத்தால் அன்று, அங்காடித் தேவையால் பிறந்த பதவி இது. அதனால் இதன் பெருமை குறைந்துவிட்டதாக நான் எண்ணவில்லை.

இந்தப் பிரேட்டர் சட்டப் புலவர் அல்லர். ஓராண்டுக்கு மக்கள் தேர்ந்தெடுத்த அரசியல்வாதி. பதவி ஏற்றவுடன், எந்தெந்த வழக்குக்கு வழி திறப்பேன் என்பதை வெள்ளை பூசிய பலகையில் எழுதி மன்றத்தில் நிறுத்திவிடுவார். வழக்கு வந்தால் இரு தரப்பையும் கேட்டு, பூசலின் கருவைச் சில வரிகளில் வடித்து, தனி நடுவர் ஒருவரிடம் அனுப்புவார். ‘இவன் அவனுக்குப் பதினாயிரம் காசு தரவேண்டியவன் என்று தெரிந்தால் தண்டனை விதி, தெரியாவிட்டால் விடுதலை செய்’ என்பது போன்றது அந்த ஓலை. மந்திரம்போல் ஓதும் சடங்குச் சொற்கள் இங்கே வேண்டியதில்லை. இம்முறை அயலார் மன்றத்தில் வளர்ந்து பின்னர் உரோமரின் சொந்த வழக்குகளுக்கும் பரவியது என்பது அறிஞர் பலர் கருத்து. விருந்தாளிக்கென்று வெட்டிய கிணற்றில் வீட்டாரும் நீர் மொள்ளத் தொடங்கினர் என்று சொல்லலாம்.

வாங்கல் விற்றல், வாடகை, கூட்டு வாணிபம், பிறர்க்காக ஒரு காரியத்தை ஏற்றுச் செய்தல் ஆகிய நான்கும் இருவர் மனமொத்துப் பேசிய அளவிலேயே செல்லும் என்றாயிற்று. இவற்றில் நடுவர், நல்ல நம்பிக்கையின்படி ஒருவன் மற்றவனுக்கு என்ன செய்யக் கடமைப்பட்டவன் என்று ஆராய வேண்டும். ‘போனா பிதேஸ்’ என்பர் இலத்தீனில். நம் கடைத்தெருவில் ‘நாணயமானவர்’ என்கிறோமே, அந்த நாணயத்தைத்தான் அவர்கள் சட்டச் சொல்லாக்கினார்கள்.

இவ்வாறு வழி திறந்த பின்னும் ஒரு தடை நின்றது. திருட்டு முதலிய சிலவற்றுக்குரிய சட்டம், சட்டப்படி உரோமனுக்கு மட்டுமே உரியது. டியோ என்னும் கிரேக்கன் ஒருவன் துணை நின்று, உரோமன் ஒருவனின் பொற்கிண்ணம் களவு போயிற்று என்று வையுங்கள். காயஸ் தம் பாடநூலில் தரும் எடுத்துக்காட்டே இது. டியோவை உரோமர் சட்டத்தால் தண்டிக்க வழியில்லை. அதேபோல் டியோவின் கிண்ணத்தை உரோமன் திருடினாலும் டியோவுக்கு வழியில்லை. பிரேட்டர் என்ன செய்தார்? சட்டத்தைத் திருத்தவில்லை, நடுவருக்கு எழுதும் ஓலையில் சில சொற்களைச் சேர்த்தார். ‘இவன் உரோமக் குடிமகனாய் இருந்திருப்பின், என்ன கடமைப்பட்டிருப்பானோ அதன்படி தீர்ப்புச் செய்’ என்றார்.

‘இருந்திருப்பின்’ என்ற அச்சொல்லை எண்ணிப் பாருங்கள். அவன் குடிமகன் அல்லன் என்பது பிரேட்டருக்கும் தெரியும், நடுவருக்கும் தெரியும், கூடி நிற்கும் ஊராருக்கும் தெரியும். தெரிந்தே, வழக்கு முடியும் வரை அவனைக் குடிமகனாக வைத்துக்கொண்டார்கள். தத்துப் பிள்ளையைப் பெற்ற பிள்ளையாகவே நாம் கொள்வதில்லையா? அதுபோன்ற கற்பிதம். நீதி செய்வதற்காகச் சொன்ன இந்தப் பொய்யை உரோமர் வாழ்வின் மிகச் சிறந்த செயல்களுள் ஒன்றாக நான் மதிக்கிறேன்.

இதை நாம் அறிந்ததும் ஒரு நற்பேறே. காயஸின் நூல் பல நூற்றாண்டுகள் மறைந்து கிடந்தது. 1816-ல் வெரோனா நகரத்து நூலகத்தில் நீபூர் என்னும் செர்மானிய அறிஞர் ஓர் ஏட்டைக் கண்டார். மேலே எழுதியிருந்தவை புனித ஜெரோமின் கடிதங்கள். அவற்றுக்கு அடியிலே, தோலைச் சுரண்டியும் அழியாமல், காயஸ் இருந்தார்.

தமிழகத்தோடு தொடர்புடைய ஒரு சான்றும் உண்டு. சேரர் துறைமுகமான முசிறியின் பெயர் தாங்கிய பாப்பிரஸ் ஏடொன்று வியன்னாவில் உள்ளது, 1985-ல் வெளியிடப்பெற்றது. உரோமர் ஆட்சிக்குட்பட்ட எகிப்தில், கி.பி. இரண்டாம் நூற்றாண்டில், கிரேக்க மொழியில் எழுதிய கடன் ஒப்பந்தம் அதன் ஒரு பக்கத்தில் இருக்கிறது. செங்கடல் துறையில் இறங்கும் சரக்கை ஒட்டகத்தில் ஏற்றிப் பாலை கடந்து காப்டோஸ் வரையும், பின் நைல் ஆற்று வழியே அலெக்சாந்திரியா வரையும் கொண்டு செல்வதற்கும், முத்திரையிட்டுக் காப்பதற்கும், தவணையில் கடன் தீராவிட்டால் கடன் கொடுத்தவர் சரக்கைக் கைக்கொள்வதற்கும் அதில் விதிகள் உள்ளன. மறுபக்கத்தில் ‘ஹெர்மபொல்லோன்’ என்னும் கப்பலில் வந்த சரக்கின் கணக்கு. கால் பங்கு சுங்கம்! ஒப்பந்தம் செய்தவர்களின் பெயர்கள் கிழிந்து போயின. யாராயினும், கடல் கடந்து முசிறி வரை செல்ல அவர்களைத் துணிவித்தது காற்று மட்டுமன்று. திரும்பி வந்தால் இந்த எழுத்து செல்லும் என்ற உறுதியும்தான்.

இம்மட்டோடு நிறுத்தினால் உரோமரைப் பாராட்டிவிட்டு மகிழ்வுடன் வீடு திரும்பலாம். ஆனால் அந்தத் தராசின் மறுதட்டையும் பார்க்க வேண்டும்.

கி.மு. 73 முதல் 71 வரை சிசிலியை ஆண்ட வெர்ரஸ் என்பவன் அத்தீவைச் சூறையாடினான். தானியம் போயிற்று, கோயில் சிலைகள் போயின, பொருள் கொடுத்தவன் பக்கம் தீர்ப்புப் போயிற்று. ஆளுநர்களின் கொள்ளையை விசாரிக்க கி.மு. 149-லேயே ஒரு மன்றம் ஏற்பட்டிருந்தது. ஆனால் அயலாராகிய சிசிலியர் அங்கே தம் குறையைச் சொல்ல உரோமன் ஒருவனின் வாய் வேண்டும். கி.மு. 70-ல் சிசரோ அவர்களுக்காக நின்றார். சான்று திரட்ட 110 நாள் தவணை பெற்றவர், 50 நாளில் தீவு முழுதும் சுற்றி மீண்டார். முதல் விசாரணையிலேயே நிலைமையை உணர்ந்த வெர்ரஸ் மசாலியா நகருக்கு ஓடிப்போனான். எஞ்சிய பேருரைகள் மன்றத்தில் ஒலிக்கவே இல்லை; எழுத்தாக மட்டும் வெளிவந்தன.

அவ்வெழுத்தின் உச்சம் எது? காவியஸ் என்பவனை மெசானா நகரச் சந்தையில் கசையால் அடித்தார்கள். தான் உரோமக் குடிமகன் என்பதைத் தவிர அவன் வேறொன்றும் கதறவில்லை. இறுதியில் இத்தாலிக் கரை கண்ணுக்குத் தெரியும் இடம் பார்த்துச் சிலுவை நட்டார்கள். படிப்பவர் நெஞ்சு இன்றும் நடுங்கும். ஆயினும் ஒன்று உறுத்துகிறது. சிசிலியர் பலர் அநியாயமாக மாண்டதையும் சிசரோ சொல்கிறார். உச்சத்தில் வைத்ததோ உரோமன் ஒருவனின் சாவை. அவரைக் குறை கூறேன். கேட்பவர் யார், எதற்கு அவர்கள் துடிப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

அடிமைகளுக்கோ அந்தக் கதறலும் இல்லை. கி.பி. 61-ல் நகரத் தலைவர் பெடானியஸ் செகுண்டஸ் தம் வீட்டில் தம் அடிமை ஒருவனால் கொல்லப்பட்டார். அந்நாளைய முறைப்படி, அக்கூரையின் கீழ் இருந்த அடிமைகள் அனைவரும் சாக வேண்டும். அவர்கள் நானூறு பேர். பெண்களும் சிறுவர்களும் அதில் அடக்கம். நகர மக்கள் பொறுக்காமல் திரண்டு எழுந்தார்கள். ஆட்சி மன்றத்தில் எழுந்து, தண்டனை நிறைவேறியே ஆகவேண்டும் என்று வாதாடியவர் காயஸ் காசியஸ் லாங்கினஸ். அவர் வழக்கமான கொடியவர் அல்லர். அக்காலத்துச் சட்ட மேதைகளுள் தலையாயவர். முன்னோர் வழக்கம் என்றார். அச்சத்தாலன்றி அவர்களை அடக்க இயலாது என்றார். மக்கள் கல்லும் தீப்பந்தமும் ஏந்தி மறித்தார்கள். மன்னன் நீரோ வழி நெடுகப் படைவீரரை நிறுத்தினான். நானூறு பேரும் கொலைக்களம் சென்றார்கள். இது டாசிடஸ் எழுதிய வரலாறு.

அந்தக் காசியஸின் பெயரால் ஒரு சட்டப் பள்ளியே விளங்கியது. பொற்கிண்ணத்து வழக்கை நமக்குச் சொன்ன ஆசிரியர் காயஸும் அந்தப் பள்ளியைச் சேர்ந்தவரே. ‘குடிமகனாய் இருந்திருப்பின்’ என்று அயலானுக்காகச் சொல்லத் தெரிந்த மரபு, ‘குற்றமற்றவராய் இருப்பின்’ என்று அந்தச் சிறுவர்களுக்காகச் சொல்லவில்லை. அங்கே தெருவில் நின்ற கூட்டத்துக்கு இருந்த நீதியுணர்ச்சி மேதைக்கு இல்லாமற் போயிற்று.

கி.பி. 212-ல் கரக்கல்லா என்னும் பேரரசன், பேரரசிலே வாழ்ந்த சுதந்திர மக்கள் ஏறக்குறைய அனைவர்க்கும் குடியுரிமை அளித்தான். குடிமக்கள் மட்டும் செலுத்திவந்த மரபுரிமை வரியை அவனே நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்தாக உயர்த்தியவன். வரி செலுத்துவோரைப் பெருக்கவே இந்த வள்ளன்மை என்று அக்காலத்து வரலாற்றாசிரியர் டியோ காசியஸ் எழுதிவைத்தார். எவ்வாறாயினும், அயலாருக்கென ஒரு பிரேட்டர் இருப்பதற்கு இனி வேலை இல்லாமற் போயிற்று.

ஆனால் ‘நீ யார்?’ என்ற வினா மன்றத்தை விட்டுப் போகவில்லை. இரண்டாம் நூற்றாண்டிலேயே வேர் பிடித்திருந்த வேறொரு கோடு இப்போது தடித்தது. மதிப்புடையோர், எளியோர் என்று குடிமக்களையே அது பிரித்தது. ஒரே குற்றத்திற்கு, செல்வமும் பதவியும் உடையவன் தீவொன்றிற்கு நாடு கடத்தப்படுவான். எளியவன் சுரங்கத்திற்கோ, விலங்குகளின் வாய்க்கோ அனுப்பப்படுவான். இருவரும் உரோமக் குடிமக்களே.