கடல் கடந்த பட்டதாரி

கல்வியைத் துணையாகக் கொண்டு பிறநாடு சென்று, ஆங்கு உத்தியோகம் பெற்று உயர்தல் யாழ்ப்பாணத்தார்க்குப் புதியதன்று. இன்று ஒரு பிள்ளை அவுஸ்திரேலியாவிற்கோ கனடாவிற்கோ படிக்கச் செல்லும்பொழுது, பெற்றோர் மனத்தில் இரண்டு எண்ணங்கள் எழுகின்றன. பிள்ளை முன்னேறுவான் என்பது ஒன்று. பிள்ளை தமக்கும் ஊருக்கும் இல்லாமற் போய்விடுவானோ என்பது மற்றொன்று. இவ்விரண்டினையும் சீர்தூக்கிப் பார்க்க விரும்பும் நேயர்கள், சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையவர்களின் வரலாற்றை ஒருமுறை நினைவு கூர்தல் தகும்.

பிள்ளையவர்கள் பிறந்தது 1832ஆம் ஆண்டில். இளமையில் தந்தையாரிடத்தும், பின்னர்ச் சுன்னாகம் முத்துக்குமாரக் கவிராயரிடத்தும் தமிழ் கற்றார். அதன்பின் அமெரிக்க மிஷனரிமார் 1823இல் நிறுவிய வட்டுக்கோட்டைச் செமினறியிற் சேர்ந்து, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம் முதலியவற்றைப் பயின்றார். அக்கலாசாலையிலே தமிழும் புறக்கணிக்கப்படவில்லை. எனவே, ஒரு கையில் ஆங்கிலமும் மறுகையில் தமிழுமாக அவர் வெளிவந்தார். கோப்பாயிற் சிலகாலம் ஆசிரியராகவும் இருந்தார்.

ஆயினும், மேற்கொண்டு கற்க விரும்புவோர்க்கு அக்காலத்து இலங்கையில் இடமில்லை. கொழும்பில் யூனிவர்சிற்றிக் கல்லூரி தோன்றியது 1921இல்; இலங்கைச் சர்வகலாசாலை அமைந்தது 1942இல். கற்றவர் தொகை பெருகிய யாழ்ப்பாணத்திலே அவர்க்கேற்ற உத்தியோகங்களோ மிகச் சில. இந்நிலையில், யாழ்ப்பாணத்திலிருந்து சென்னை சென்றிருந்த பேர்சிவல் பாதிரியார், 'தினவர்த்தமானி' என்னும் பத்திரிகையை நடத்த உதவுமாறு அவரை அழைத்தார். பிள்ளையவர்கள் கடல் கடந்தார்.

1857இல் சென்னைச் சர்வகலாசாலை நிறுவப்பட்டது. அது முதன்முதலாக நடத்திய பி.ஏ. பரீட்சையிலே தேறியவர் இருவர். அவ்விருவரும் யாழ்ப்பாணத்தார், இருவரும் வட்டுக்கோட்டைச் செமினறியைச் சார்ந்தவர். ஒருவர் அங்கே ஆசிரியராயிருந்த கறோல் விசுவநாதபிள்ளை. மற்றவர் அங்கே மாணாக்கராயிருந்த தாமோதரம்பிள்ளை. தம் நாட்டிலே பெறவியலாத பட்டத்தை அயல்நாட்டிலே முதல்வராய் நின்று பெற்ற சிறப்பு இது.

பட்டம் அவருக்கு வாயில்களைத் திறந்தது. சென்னை மாநிலக் கல்லூரியிலும் கோழிக்கோட்டிலும் ஆசிரியராக விளங்கினார். பின்னர் அரசாங்கக் கணக்குச் சாலையிற் பணியாற்றினார். அத்துடன் அமையாது, நாற்பதை அணுகிய வயதில், 1871இல், பி.எல். பட்டமும் பெற்றார். கும்பகோணத்திலே வழக்கறிஞராக நற்பெயர் ஈட்டி, ஈற்றிற் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் நீதிபதியானார். ஆசிரியர், கணக்கர், வழக்கறிஞர், நீதிபதி என ஒவ்வொரு படியும் கல்வியால் ஏறியதேயன்றிச் சிபாரிசினால் ஏறியதன்று.

வரலாறு இவ்வளவில் முடிந்திருப்பின், பிறநாட்டிற் பிழைத்த உத்தியோகத்தர் ஒருவர் என்று சொல்லி மறந்துவிடலாம். ஆனால், பகல் முழுதும் கணக்கிலும் வழக்கிலும் உழைத்த அவர், எஞ்சிய பொழுதைப் பழந்தமிழ் ஏடுகளுக்குக் கொடுத்தார். பனையோலைச் சுவடிகள் செல்லுக்கிரையாகி, கைபட்ட மாத்திரத்தே ஒடிந்துபோகும் நிலையில் இருந்தன. ஒரு நூலின் கடைசிப் பிரதி அழிந்தால் அந்நூலே அழிந்ததாகும். இதனை உணர்ந்த பிள்ளையவர்கள் ஊரூராகச் சுவடி தேடினார், பல பிரதிகளை ஒப்புநோக்கிப் பாடங்களைத் தேர்ந்தார், அச்சேற்றினார்.

1868இல் தொல்காப்பியச் சொல்லதிகாரம் சேனாவரையர் உரையுடன் வெளிவந்தது. அதனைப் பரிசோதித்து உதவியவர் நல்லூர் ஆறுமுக நாவலர். தொடர்ந்து 1881இல் வீரசோழியமும், 1883இல் இறையனார் அகப்பொருளும், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரமும், 1887இல் கலித்தொகையும், 1889இல் சூளாமணியும் வெளிவந்தன. எட்டுத்தொகை நூல்களுள் முதன்முதல் அச்சேறியது அவர் பதிப்பித்த கலித்தொகையே. வீரசோழியம் பௌத்தர் இயற்றியது. சூளாமணி சமணர் இயற்றியது. சைவராகிய பிள்ளையவர்கள் சமயம் பாராது தமிழ் பார்த்தமை குறிப்பிடத்தக்கது.

பிறந்த நாட்டை அவர் மறந்தாரோ எனின், அதுவும் இல்லை. ஏழாலையிலே ஒரு வித்தியாசாலையை நிறுவினார். கல்வியினால் தாம் பெற்றதைக் கல்வியாகவே ஊருக்குத் திருப்பிக் கொடுத்தார். 1901ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் நாள் அவர் காலமானார்.

இவ்வரலாற்றினின்று பெறப்படுவது யாது? பிள்ளையவர்கள் யாழ்ப்பாணத்திலேயே தங்கியிருந்தால் ஊருக்கு ஒரு நல்லாசிரியர் கிடைத்திருப்பார். அந்த இழப்பு மெய்யானதே. ஆனால், சுவடிகளும் அச்சகங்களும் புலவர்களும் நிறைந்த தமிழகத்திலே, கையிற் பொருளும் உள்ளத்தில் வேட்கையும் உடையவராய் வாழ்ந்தமையாலன்றோ அப்பெரும்பணி கைகூடிற்று! அவரைக் கடல் கடக்கச் செய்தது ஆங்கிலக் கல்வி. கடந்தபின் அவரைத் தமிழர்க்கு உரியவராக வைத்திருந்தது கவிராயரிடம் கற்ற தமிழ்க் கல்வி. இவற்றுள் ஒன்று குறைந்திருப்பினும் தாமோதரம்பிள்ளை என்னும் பெயர் இன்று நிலைத்திராது.

ஆதலால், பிள்ளைகளைப் பிறநாட்டிற்கு அனுப்பும் பெற்றோர் கடவுச்சீட்டையும் சான்றிதழ்களையும் ஆயத்தம் செய்வதோடு அமைதல் போதாது. பிள்ளை தமிழை நன்கு எழுதவும் படிக்கவும் வல்லவனா என்பதையும் புறப்படுமுன்னரே நோக்குதல் வேண்டும். உத்தியோகம் சென்ற நாட்டிலே கிடைக்கும். ஊரோடு பிணைக்கும் கயிற்றை ஊரிலேயே முறுக்கிக் கொடுத்தல் வேண்டும்.