களியாட்டத் திடலும் கொம்புமுறியும்

2008 ஆம் ஆண்டு, உலகின் களியாட்டத் திடல்கள் சிலவற்றுக்குப் பொல்லாத ஆண்டாக முடிந்தது. அவ்வாண்டு பெப்ரவரி மாதத்தில், டில்லி மாநகரில் 1984 முதல் நடைபெற்றுவந்த ‘அப்பு கர்’ மூடப்பட்டது. 1982 இன் ஆசிய விளையாட்டுப் போட்டிக்குச் சின்னமாக விளங்கிய யானைக்குட்டியின் பெயரைத் தாங்கிய பூங்கா அது. ஏப்ரல் மாதத்தில், இங்கிலாந்தின் தென்கிழக்குக் கரையிலுள்ள மார்கேற் நகரில், ஓட்டம் நின்று கிடந்த ஒரு பழைய மரப் பாதையிலே தீப்பற்றி, அதன் ஒரு பகுதி சாம்பலாயிற்று. செப்டெம்பர் மாதத்தில், நியூயோர்க்கின் கோனி ஐலண்ட் கடற்கரையில் அஸ்ட்ரோலாண்ட் என்னும் சிறு பூங்கா தன் வாயிற்கதவை இறுதியாகச் சாத்தியது.

திடல் மூடப்பட்டால் அங்கிருந்த விளையாட்டுப் பொறிகளின் கதி யாது? இராட்டினத்தைக் கழற்றி வேற்றூருக்குக் கொண்டுபோகலாம். ஆனால், ரோலர் கோஸ்டர் எனப்படும் உருள்வண்டிப் பாதையை அவ்வாறு எளிதில் பெயர்த்துவிட இயலாது. உயர்ந்த சாரத்தின் மேல் மேடும் பள்ளமுமாய்த் தண்டவாளம் கிடக்கும். சங்கிலியொன்று வண்டித்தொடரை முதல் மேட்டின் உச்சிக்கு இழுத்துச் சென்று விட்டுவிடும். அதன்பின் இயந்திர விசை வேண்டுவதில்லை. விழுகின்ற வேகமே அடுத்த மேட்டில் ஏற்றும். உராய்வினால் வேகம் சிறிது சிறிதாய்க் குறைவதால், பின்வரும் மேடுகளைத் தாழ்வாகவே அமைப்பர். விழும் வேகத்தாலே ஓடும் வண்டியொன்றைத் தொம்சன் என்பவர் 1884 இல் அதே கோனி ஐலண்டில் ஓட்டி, ஆளுக்கு ஐந்து சதம் அறவிட்டார். இப்பாதை நிலத்தோடு பிணைந்தது. நிலம் கைமாறினால் பாதையின் வாழ்வும் ஆட்டங்காணும்.

அஸ்ட்ரோலாண்ட் 1962 இல் தோன்றியது. ஏறத்தாழ மூன்று ஏக்கர் பரப்பே கொண்டது. அதன் பொறுப்பில் இரண்டு உயர்ந்த பொருள்கள் இருந்தன. ஒன்று, 1964 இல் நாட்டிய 275 அடி உயரமுள்ள காட்சிக் கோபுரம். மற்றது, 1927 முதல் அங்கு நிற்கும் ‘சைக்ளோன்’ என்னும் 85 அடி உயர உருள்வண்டிப் பாதை. இரண்டும் ஒரே கடற்காற்றில் நின்றவை. ஒரே உப்பைத் தாங்கியவை. பூங்கா மூடிய பின்னர்க் கோபுரம் இயக்கமின்றி நின்றது. 2013 ஜூலையில் அது காற்றிலே அளவுக்கு மீறி அசையக் கண்டு, அயலிலுள்ளோர் அஞ்சினர். சில நாள்களுக்குள் அதனை அறுத்து வீழ்த்திவிட்டனர். கோபுரத்தைவிட முப்பத்தேழு ஆண்டுகள் மூத்த சைக்ளோனோ, பூங்கா போன பின்னும் மக்களை ஏற்றிக்கொண்டு ஓடியது.

இதற்குக் காரணம் தற்செயல் அன்று. 1970 களின் தொடக்கத்தில், அருகிலிருந்த மீன் காட்சிச்சாலையை விரிவாக்குதற்பொருட்டுச் சைக்ளோனை இடித்துவிடும் எண்ணம் எழுந்தது. மக்கள் எதிர்த்துக் குரல் எழுப்பினர். நிலத்துக்கும் பாதைக்கும் நகர நிர்வாகமே உரிமை கொண்டிருந்தமையால், 1975 இல் அஸ்ட்ரோலாண்டுக்குக் குத்தகைக்கு விட்டு மீண்டும் ஓடச் செய்தனர். 1988 இல் அது நகரின் பாதுகாக்கப்பட்ட சின்னமாயிற்று. ஆகவே 2008 இல் பூங்கா மூடியபோது பாதை பொதுச் சொத்தாக நின்றது.

அங்ஙனமாயின் சட்டப் பாதுகாப்பு ஒன்றே போதும் என்று எண்ணிவிடலாமோ? மார்கேற் நகரின் கதை அதற்கு மறுமொழி கூறுகிறது. அங்குள்ள ட்ரீம்லாண்ட் பூங்காவின் ‘சீனிக் ரெயில்வே’ 1920 இல் ஓடத் தொடங்கியது. 2002 இல் அது பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் இடம்பெற்றது. ஆயினும் 2008 இல் தீயினின்றும் தப்பவில்லை. இடிக்க வருபவரைத் தடுக்கச் சட்டத்தால் ஆகும். ஆளற்ற இடத்துக்கு இராக்காவல் இருக்க அதனால் ஆகாது. ஊர் மக்கள் ஆண்டுக்கணக்காக இயக்கம் நடத்தினர். உள்ளூராட்சி சபை அந்நிலத்தைச் சுவீகரித்தது. எரிந்த மரங்களுக்கு மாற்று மரமிட்டு, 2015 அக்டோபரில் மீண்டும் வண்டி ஓடிற்று.

அவ்வண்டியில் ஒரு புதுமை உண்டு. தொடரின் நடுவே தடைபோடுபவர் ஒருவர் பயணிகளோடு கூடவே செல்வார். எந்த வளைவில் வேகத்தை அடக்கவேண்டும், எந்த மேட்டுக்கு முன் விட்டுவிடவேண்டும் என்பது அவர் கையிலுள்ளது. மழைநாளில் தண்டவாளம் வழுக்கும். ஆள் நிறைந்த வண்டியும் வெறும் வண்டியும் ஒரே விதமாய் ஓடா. இவற்றையெல்லாம் மூத்தவர் அருகிலிருந்து பழகியே அறிதல்வேண்டும். பாதை நின்று பல ஆண்டு கழியுமாயின், மரம் உக்குவதோடு இந்தக் கையறிவும் உக்கிப்போகும்.

மரத்தைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். மரப் பாதையைப் பேணுவோர், வண்டி ஓடுமுன் அதன் நெடுக நடந்து, தளர்ந்த ஆணியையும் வெடித்த பலகையையும் கண்டு மாற்றுவர். இப்படி ஆண்டுதோறும் மாற்றி மாற்றி, நெடுநாளில் முதற் பலகைகளுள் பெரும்பாலானவை போய்விடும். ஆயினும் அதனைப் புதிய பாதை என்று எவரும் சொல்வதில்லை. ஆகவே காப்பாற்றப்படுவது மரம் மட்டும் அன்று. மரத்தை மாற்றத் தெரிந்த வழக்கமும் ஆகும்.

நேயர்களே, இந்த இடத்திலேதான் எனக்கு நம் மட்டக்களப்பு வாவிக்கரையின் நினைவு வருகிறது. கண்ணகை அம்மன் வழிபாட்டோடு சேர்ந்த கொம்புமுறி விளையாட்டை மூத்தோர் அறிவர். ஊர் இரண்டாய்ப் பிரியும். கோவலன் பக்கம் வடசேரி. கண்ணகி பக்கம் தென்சேரி. வளைந்த வைரக் கொம்புகள் இரண்டினை ஒன்றோடொன்று கொளுவி, கயிறு பூட்டி இழுப்பர். எவர் கொம்பு முறிகிறதோ அவர் தோற்றவர். மழை வேண்டியும் நோய் நீங்க வேண்டியும் இதனை ஆடினர். வென்றோர் தோற்றோரைப் பாட்டினால் நையாண்டி செய்வதும் உண்டு.

முறிவதற்காகவே செய்யப்படும் கொம்பு அது! அதனை நூதனசாலையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தாற் பயன் என்ன? அடுத்த முறை காட்டுக்குப் போய், தக்க மரத்தைத் தெரிந்து, வளைவு பார்த்து வெட்டிவரத் தெரிந்தவர் ஒருவர் ஊரில் இருக்கவேண்டும். கொளுவும் முறை அறிந்தவரும் பாட்டு அறிந்தவரும் வேண்டும். இரு சேரியும் கூடி நிற்கக் கோவில் முன்றலில் வெளி நிலம் வேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் ஆட்டம் நின்றுவிடும். இன்று பல ஊர்களில் அது அருகிப்போயிற்று. எந்த வாயிற்கதவும் சாத்தப்படவில்லை; எந்த அறிவித்தலும் ஒட்டப்படவில்லை. ஓர் ஆண்டு ஆடாது விட்டனர். மறு ஆண்டும் விட்டனர். பத்து ஆண்டு கழிந்தபின், ஆடத் தெரிந்தவரைத் தேடவேண்டியதாயிற்று. களியாட்டத் திடலுக்கு மூடுவிழா நாள் என்று ஒன்றேனும் உண்டு. நமது விளையாட்டுக்கு அதுவும் இல்லை.

ஆயினும் நம்பிக்கை இழக்க வேண்டுவதில்லை. கிராமத்தார் கூத்து என்று கற்றோர் பலர் ஒதுக்கிய ஆட்டத்தை, பேராசிரியர் வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுசென்றார். 1962 இல் ‘கர்ணன் போர்’ அங்கே அரங்கேறியது. அது கைகூடியதன் காரணம், மட்டக்களப்பிலே அண்ணாவிமார் இருந்தமையும், ஆட்டத்தை உடம்பினால் அறிந்த இளைஞர் இருந்தமையுமேயாம். அவர்கள் இல்லாதிருப்பின், பேராசிரியர் எத்துணை ஆர்வங்கொண்டாலும் ஏட்டுப் பிரதிகளே மேடைக்கு வந்திருக்கும்.

ஆகவே, வாவிக்கரையிலுள்ள கோவில் பரிபாலன சபையினருக்கும் பாடசாலை ஆசிரியர்களுக்கும் ஒரு விண்ணப்பம். கொம்பு வெட்டத் தெரிந்த முதியவர் உங்கள் ஊரில் இருப்பின், அவரோடு இரண்டு பிள்ளைகளைக் காட்டுக்கு அனுப்புங்கள். பாட்டு அறிந்தவரை அழைத்துப் பாடச் செய்து பதிவுசெய்யுங்கள். பதிவோடு நில்லாது, பிள்ளைகளையும் பாட வையுங்கள். ஆட்டத்துக்குரிய முன்றலில் கடைகளும் மதில்களும் எழாது காத்துக்கொள்ளுங்கள். விழா பெரிதாக அமையவேண்டும் என்பதில்லை. சிறிதாயினும் தவறாது நடத்தல் வேண்டும்.

சைக்ளோன் பிழைத்தது, அஸ்ட்ரோலாண்ட் போகுமுன்னரே மக்கள் அதனைத் தம்முடையதென்று உரிமை கொண்டாடியமையால். ஒரு திடல் மூடும் நாளில் இந்தக் காரியத்தைத் தொடங்கினால் காலம் போதாது. ஆட்டம் நடக்கின்ற காலத்திலேயே தொடங்கவேண்டும். நம்மிடம் அத்தகைய காலம் இன்னும் சிறிது உண்டு.