நாமும் நாங்களும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



அடியேன் மொழிநூல் கற்றவன் அல்லேன். மெட்ரிகுலேஷன் தேறி, ரயில்வே பார்சல் ஆபீஸில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பேனா பிடிப்பவன். ஆயினும் இந்த நாகபுரியில் நாற்றிசை வண்டிகளும் வந்து கூடுவதால், மேஜைக்கு முன் நிற்போர் வாயிலாகப் பல மொழிகளைக் கேட்கும் பேறு எனக்கு வாய்த்தது. அவற்றுள் என் கருத்தைக் கவர்ந்தவை நான், நீ, அவன் என்னும் சின்னஞ்சிறு பிரதிப் பெயர்களே.

பாட்னா, காசிப் பக்கத்திலிருந்து வருபவர் தன்னந்தனியாக நின்றுகொண்டு தம்மை 'ஹம்' என்பார். பலராக வந்தால் 'ஹம் லோக்' என்பார். பன்மையை ஒருவருக்கு வழங்குவது நமக்கும் புதிதன்று. அவர், நீர், நீங்கள் யாவும் அவ்வாறு வந்த மரியாதைச் சொற்களே. ஆங்கிலேயரோ இவ்வழியில் நெடுந்தூரம் சென்றுவிட்டனர். ஒருமையாகிய 'தௌ' என்பதை வழக்கிலிருந்தே விட்டுவிட்டு, 'யூ' என்னும் பன்மையை மன்னனுக்கும் நாய்க்குட்டிக்கும் பொதுவாக்கிவிட்டனர்! ஜெர்மன் மொழியில் 'ஸீ' என்னும் ஒரே ஒலி அவள், அவர்கள், தாங்கள் என மூன்று பொருளுக்கும் நிற்கிறது. வங்காளியின் 'ஸே', துருக்கியரின் 'ஓ' ஆகியவற்றில் அவனும் அவளும் ஒன்றே.

மற்றொரு விந்தை. நாம் மரியாதையாகத் 'தாங்கள்' என்கிறோம். அது தான், தாம் என்பவற்றின் இனம். இந்தியின் 'ஆப்' என்பதும் 'ஆத்மன்' என்னும் வடசொல்லின் வழிவந்ததே. அதற்கும் 'தான்' என்றே பொருள். எதிரே நிற்கும் பெரியவரை நேரே சுட்டக் கூசி, 'தாம்' என்று ஒதுங்கிச் சொல்லும் பணிவு இரு மொழியாருக்கும் தோன்றியது போலும். மராத்தியின் 'ஆபண்' இன்னும் ஒரு படி மேல்: தான், தாங்கள், நாம் ஆகிய மூன்றும் அதுவே.

நாம் என்றால் கேட்பவரும் உள்ளிட்டவர். நாங்கள் என்றால் அவர் நீங்கலாக. பழந்தமிழில் இவை நாம், யாம் என நின்றன. தெலுங்கரின் மனமு, மேமு; மலையாளிகளின் நம்மள், ஞங்ஙள்; கடல் கடந்து மலாய் மொழியில் கீத்தா, காமி. கன்னடர் 'நாவு' ஒன்றிலேயே இரண்டையும் அடக்கிவிட்டனர். மராத்தியும் குஜராத்தியும் வடமொழி இனத்தவை எனினும் இவ்வேற்றுமையைப் போற்றுகின்றன. திராவிட மொழிகளின் அண்மையால் வந்தது என்பர் அறிஞர். இந்தியின் 'ஹம்', ஆங்கிலத்தின் 'வீ' இரண்டும் இதனை அறியா.

நம் காலனிக் குழந்தைகள் பள்ளியில் பயில்வன இவ்விரு மொழிகளுமே. ஆகவே 'ஹம்' என்பதற்கும் 'வீ' என்பதற்கும் சரியாக 'நாங்க' என்று ஒரே சொல்லை வைத்துக்கொள்கின்றனர். என் இளைய மகள், சோறு பரிமாறிக்கொண்டிருந்த தாயிடம், "அம்மா, லீவுக்கு நாங்க ஊருக்குப் போவோமா?" என்றாள். "ஏண்டி, நான் வரவேண்டாமா?" என்றாள் தாய். "உன்னையும் சேத்துத்தானே சொன்னேன்!" என்று குழந்தை விழித்தது. சிரித்துவிட்டோம். ஆயினும் ஊரிலே பாட்டியின் திண்ணையில் அமர்ந்து, பாட்டியிடமே "எங்க வீடு" என்று பேத்தி சொன்னால், அம்முதியவள் சிரிப்பாளா? தன்னை நீக்கிச் சொன்னதாகவே அவள் செவிக்கு அது கேட்கும். இந்தி கற்பதை நான் குறை கூறவில்லை. அது சோறு போடும் மொழி. இச்சிறு சொல் மட்டும் நம் வீட்டில் கெட்டுப்போவானேன்?

மராத்தியில் 'ஆம்ச்சா' என்றால் எங்கள். 'ஆப்லா' என்றால் நம். இலக்கணப்படி நோக்கினால், 'ஆம்ச்சி மும்பை' என்பது கேட்பவனை வாயிலுக்கு வெளியே நிறுத்தும் சொல். ஆனால் பொங்கலன்று நம் பந்தலில் வந்தமரும் மராத்திய அண்டைவீட்டார் 'ஆப்லா சண்', அதாவது நம் பண்டிகை, என்பர். அவர்களுக்கு விடையளிக்கையில் 'ஆம்ச்சா' என்று நாம் நாக்குத் தவறிவிடலாகாது.

ஞாயிறுதோறும் தமிழ் வகுப்பு நடத்தும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். அரிச்சுவடியோடு கூட, 'நம் வீடு', 'எங்கள் வீடு' என்பவற்றுள் எதனை யாரிடம் சொல்வது என்பதையும் விளையாட்டாகப் பழக்குங்கள். முதல் மாணவியாக என் மகளை அனுப்பிவைக்கிறேன்.