சுமையில்லாத நடை

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)

 

சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் எல்லாம் எனக்கு முன்னால் பேசியவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் எங்கள் குழு ஒரு நாள் வெளியே போய் வந்த கதையைச் சொல்கிறேன்.

போன தை மாதக் கூட்டத்தில் எங்காவது போகலாம் என்று பேச்சு வந்தது. மேல்மலையனூர் என்றார் ஒருவர். காஞ்சிபுரம் என்றார் இன்னொருவர். நான் வேடந்தாங்கல் என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். "பறவை பாக்கவா? நம்ம கழனியிலதான் தினம் கொக்கு நிக்குதே!" என்றார் ஓர் அக்கா. எங்கெங்கிருந்தோ ஜனங்கள் நம்ம கருங்குழி வழியாக அங்கே போகிறார்கள். பக்கத்தில் இருக்கிற நாம் பன்னிரண்டு பேரில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம் என்று கேட்டேன். மூன்று பேர்தான் கை தூக்கினார்கள். அதுவும் பள்ளிக்கூடத்தில் படித்தபோது போனது.

குழுச் சேமிப்பில் கை வைக்கவில்லை. வேன் வாடகையை ஆளுக்குப் பங்கு போட்டுக்கொண்டோம். புளிசோறு கட்டிக்கொண்டு விடியற்காலையில் கிளம்பினோம்.

வேடந்தாங்கல் பெரிய இடம் இல்லை. சுமார் 30 ஹெக்டேர், அதாவது 75 ஏக்கருக்குள் அடங்குகிற ஓர் ஏரி. கரைமேல் மர நிழலில் நடந்துகொண்டே பார்க்கலாம். தண்ணீருக்குள்ளேயே நீர்க்கடம்பு மரங்கள் நிற்கின்றன. கிளைக்குக் கிளை கூடு. நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, அரிவாள் மூக்கன், நீர்க்காகம், வக்கா என்று ஒரே இரைச்சல், சந்தைக்கடை மாதிரி. சுற்றிலும் தண்ணீர் இருப்பதால் பூனை, நரி கூட்டுக்குக் கிட்டே வர முடியாது. அதனால்தான் அங்கே வந்து குஞ்சு பொரிக்கின்றன.

அந்த ஏரியைக் காப்பாற்றியது முதலில் சர்க்கார் இல்லை, ஊர் ஜனங்கள். பறவை எச்சம் விழுந்த தண்ணீர் வயலுக்கு நல்ல உரம் என்று அவர்களுக்குத் தெரியும். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள் என்று சொல்வார்கள். 1798-ல் கலெக்டர் லயோனல் பிளேஸ் பறவைகளைச் சுடக் கூடாது என்று அவர்களுக்கு எழுதிக் கொடுத்தார். யார் அந்த பிளேஸ் துரை? மதுராந்தகம் ஏரிகாத்த ராமர் கதையில் வருகிறாரே, அதே துரைதான். நம்ம கருங்குழியும் ஒரு காலத்தில் ஜில்லாவின் தலைமையிடமாக இருந்த ஊர்தான். 2022-ல் வேடந்தாங்கலும் பக்கத்தில் இருக்கிற கரிக்கிலியும் உலக அளவில் முக்கியமான ராம்சர் ஈரநிலங்கள் பட்டியலில் சேர்ந்தன. அசலைத் தொடாமல் இருநூறு வருஷத்துக்கு மேல் காப்பாற்றியிருக்கிறார்கள் அந்த ஊர்க்காரர்கள். நம்ம குழுவுக்கு இதைவிட வேறு பாடம் வேண்டுமா?

ஆனால் நான் சொல்ல வந்தது பறவையைப் பற்றி மட்டும் இல்லை.

கரையில் ஏறியதும் எல்லாரும் வேகவேகமாக நடந்தோம். ஏதோ நூறு நாள் வேலைக்கு நேரமாகிவிட்ட மாதிரி! "யாரு நம்மள துரத்துறா?" என்று ஒருத்தி கேட்டதும்தான் சிரித்துக்கொண்டே நின்றோம். எங்கள் குழுவில் மூத்தவருக்கு அறுபது வயதுக்கு மேல் ஆகிறது. முட்டிவலி என்று மரத்தடியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "வாக்கப்பட்டு வந்த நாளா ஏரிக்கரையில நடந்திருக்கேன்டி. நாத்துக்கட்டு, புல்லுக்கட்டு, வெறகு, ஏதாவது ஒண்ணு தலையில இருக்கும். சும்மா உக்காந்தது இன்னைக்குத்தான்" என்றார். அதற்கப்புறம் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

திரும்பி வந்து ஒரு தீர்மானம் போட்டோம். பறவைகள் கூட்டமாக இருப்பது கார்த்திகையிலிருந்து பங்குனி வரைதான். ஆனால் நம்ம ஊர் ஏரிக்கரை வருஷம் முழுக்க இருக்கிறதே? மாதக் கூட்டம் முடிந்ததும் அரை மணி நேரம் எல்லாரும் சேர்ந்து கரையில் நடப்பது. கையில் குடம் கூடாது, தலையில் கட்டு கூடாது. சித்திரையில் வேப்பம்பூ வாசனை. ஆடிக் காற்றில் முந்தானை நிற்காது. நாவல் மரத்தடியில் வாய் ஊதாவாகும். ஐப்பசியில் குடையைப் பிடித்துக்கொண்டு தவளைச் சத்தத்தில் நடந்தோம். ஒரு மாதம்கூட விடவில்லை.

எங்கள் உறுப்பினர் ஒருத்தி மூன்று மாதம் சந்தா கட்டவில்லை, தவணையும் கட்டவில்லை. கூட்டத்தில் கேட்டால் தலையைக் குனிந்துகொள்வாள். நோட்டில் பெயரை அடித்துவிடலாம் என்றுகூடப் பேசினோம். ஆனி மாத நடையில் என் பக்கத்தில் வந்தவள், பாதி தூரம் போனதும் தானாகவே சொன்னாள். மகனுக்கு உடம்பு சரியில்லாமல் வெளியில் வட்டிக்கு வாங்கியிருக்கிறாள். வாரம் வாரம் அதைக் கட்டவே கூலி சரியாகப் போகிறது. எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து முகத்தைப் பார்க்கும்போது வராத பேச்சு, பக்கத்தில் நடக்கும்போது வந்தது. அவள் சம்மதத்தோடு அடுத்த கூட்டத்தில் வைத்து, உள்கடன் கொடுத்து அந்த வட்டிக் கடனை அடைத்தோம். பழைய தவணையை நீட்டிக் கொடுத்தோம். இன்றைக்கு அவளும் இந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். அவளைக் கேட்டுத்தான் இதைச் சொல்கிறேன்.

அதனால் ஒவ்வொரு குழுவும் மாதம் ஒரு நடை என்று தீர்மானப் புத்தகத்தில் எழுத வேண்டும் என்று கூட்டமைப்பைக் கேட்டுக்கொள்கிறேன். பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுங்கள். தனியாக யாரையும் விடாதீர்கள். முட்டிவலிக்காரர் நடையில் எல்லாரும் நடங்கள். வேடந்தாங்கலுக்குப் போனால் சத்தம் போடாதீர்கள், பிளாஸ்டிக்கைப் போட்டுவிட்டு வராதீர்கள்.

"வீட்ல வேலை கெடக்குதே" என்பீர்கள். கிடக்கட்டும் அக்கா. அரை மணி நேரத்தில் அது எங்கேயும் போய்விடாது.